நான் அலறவில்லை

மார்ச் 4, புதன்

இன்று காற்று பலம். காலையிலேயே கிரேனை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு மறுபடி ஏணி ஏற என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. அதனால் கேபினிலேயே உட்கார்ந்து, கீழே அடுக்கிக் கிடந்த கன்டெய்னர்களை வெறித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பென்சிலிடமிருந்து போன் வந்தது.

பள்ளி நாளில் ஏர் கேடட்டில், அதாவது விமானப் படை மாணவர் பயிற்சியில், என்னோடு இருந்தவன். அப்போது ஒல்லிக்குச்சி, அதனால் அந்தப் பெயர். இப்போது குரலே தொப்பை போட்டிருக்கிறது. எங்கள் பிரிவுக்கு ஏப்ரலில் ஐம்பதாம் ஆண்டு விழாவாம். "முதல் பெண்கள் பேட்ச்ல இருந்து ஒருத்தர் மேடையில இருக்கணும். நீ வரலேன்னா நல்லா இருக்காது"ன்னான்.

என்னைத் துரத்தியபோது நன்றாக இருந்ததாக்கும். அதைச் சொல்லவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

மார்ச் 7, சனி

மூன்று நாளாக அதே நினைப்பு.

பதினாறு வயது. எங்களுக்குக் கொடுத்த பூட்ஸ் எல்லாம் பையன்கள் அளவு. முன்னால் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு அணிவகுப்பில் நடந்தேன். ஒரு மாதம் கால் நகமெல்லாம் கறுத்துக் கிடந்தது. அம்மா பார்த்துவிட்டு, "காசில்லாம கொடுத்தா எதையும் மாட்டிக்குவியா?" என்றாள்.

மாட்டிக்கொள்வேன். அந்த நீலச் சட்டைக்காக இரும்புச் சட்டியைக்கூடக் காலில் மாட்டியிருப்பேன்.

ஞாயிறுதோறும் கிளைடர். என்ஜின் இல்லாத விமானம். மைதானத்தின் மறுகோடியில் ஒரு பெரிய உருளை சுற்றும். அது எஃகுக் கேபிளை இழுக்க, கேபிள் கிளைடரை இழுக்க, காற்றாடி மாதிரி மேலே ஏறும். ஏறும்வரை இறக்கை தரையில் தட்டாமல் ஒருவர் நுனியைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். முதல் வருஷம் முழுக்க எனக்கு அந்த ஓட்டம்தான். பையன்கள் பறப்பார்கள், நான் ஓடுவேன். ஓடி ஓடியே அந்தக் கிளைடரின் குணமெல்லாம் எனக்கு அத்துப்படி.

சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதையும் எழுதி வைக்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

மார்ச் 11, புதன்

பென்சில் நிகழ்ச்சி நிரலை அனுப்பியிருக்கிறான். படித்ததும் காது மடல் சூடாகிவிட்டது.

விழா நாயகர் பருந்து. எங்கள் பயிற்சி அதிகாரி. மைதானத்தின் எந்த மூலையில் எவன் சட்டைப் பொத்தான் போடவில்லை என்றாலும் அவர் கண்ணில் பட்டுவிடும், அதனால் பருந்து. இப்போது எண்பது வயது. அவருக்கு வாழ்நாள் விருது கொடுக்கிறார்கள். எதற்கு? 'கேபிள் அறுந்த கிளைடரைத் துணிவுடன் தரையிறக்கி, கண்களை மூடி அலறிய பயிற்சி மாணவியின் உயிரைக் காத்ததற்காக.'

அந்த மாணவி நான்.

அடுத்த வரியில், 'உயிர் பிழைத்த மாணவி பூங்கொத்து வழங்கி நன்றியுரை ஆற்றுவார்.'

ஆற்றுவாராம்! டீயா ஆத்துறதுக்கு?

மார்ச் 12, வியாழன்

நான் அலறவில்லை.

மார்ச் 14, சனி

நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எழுதிவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் எழுதியதே இல்லை.

இரண்டாம் வருஷம் எனக்கும் பறக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அன்று முதன்முதலாகத் தனியாகப் பறக்க வேண்டிய நாலு பேரில் நானும் ஒருத்தி. காலையில் பருந்து கூப்பிட்டு, "உன்னைத் தனியா அனுப்ப முடியாது. பொம்பளப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? நான் பின்னாடி உட்கார்றேன்" என்றார். தேர்வில் தேறியாகிவிட்டது. இருந்தும் இந்த வால். பல்லைக் கடித்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினேன்.

கிளைடரில் ஒரு விதி உண்டு. இரண்டு சீட்டிலும் கன்ட்ரோல் இருப்பதால், இப்போது ஓட்டுவது யார் என்பதை வாயால் சொல்லியாக வேண்டும். அவர் "உன் கையில" என்பார். நான் "என் கையில" என்பேன். திரும்ப வாங்க வேண்டுமானால் அவர் "என் கையில" என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். சொல்லாமல் யாரும் யாரிடமிருந்தும் எடுக்கக் கூடாது. இது முதல் நாள் பாடம். சொல்லிக்கொடுத்ததே பருந்துதான்.

"உன் கையில."

"என் கையில."

ஏறினோம். மூக்கு வானத்தைப் பார்த்திருந்தது. எம்பிக்கொண்டு மேலே போகும்போது பட்டென்று ஒரு சத்தம். இழுப்பு நின்றது. காற்றின் சத்தமும் நின்றது. அந்த அமைதிதான் பயங்கரம்.

கேபிள் அறுந்தால், கை கன்ட்ரோல் ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுக்கத்தான் பார்க்கும். கீழே விழப்போகிறோம் என்றால் மேலே இழுக்கத்தானே தோன்றும்? இழுத்தால் போச்சு. வேகம் செத்து, கல் மாதிரி விழும். முன்னால் தள்ள வேண்டும். தரையைப் பார்த்துத் தள்ள வேண்டும்.

தள்ளினேன். தொங்கிக்கொண்டிருந்த மிச்சக் கேபிளைக் கழற்றிவிட்டேன். வேகம் வந்தது. நேர் எதிரே புல். இறக்கினேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இறங்கியது, ஒத்துக்கொள்கிறேன்.

பின் சீட்டிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. என் ஸ்டிக்கில் இன்னொரு கையின் கனம் விழவே இல்லை. 'என் கையில' என்று யாரும் சொல்லவில்லை.

நின்ற பிறகு திரும்பிப் பார்த்தேன். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

மீதியையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சில் முள் மாதிரி நிற்கும்.

அன்று சாயங்காலம் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து அவர் கதை சொன்னார். "பொண்ணு கண்ணை மூடிட்டு அலறுது. நான் கன்ட்ரோலை வாங்கி…" பையன்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். "சார், நான்தானே இறக்கினேன்?"

சிரித்தார்கள். பென்சிலும்தான் சிரித்தான். மறுநாள் காலை, 'ஒழுங்கீனம்' என்று சொல்லிச் சீருடையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். விமானப் படையில் சேர வேண்டும் என்று வைத்திருந்த ஆசையும் அந்தச் சட்டையோடு போயிற்று. கேடட்டிலிருந்து துரத்தப்பட்டவளை எவன் எடுப்பான்?

அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எதுக்கும்மா எதிர்த்துப் பேசின?"

'எறக்கினது உண்மையா?' என்று கேட்டிருக்கலாமே, அப்பா.

மார்ச் 19, வியாழன்

அக்கா வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பாவம்டி, வயசானவரு. இன்னும் எத்தனை நாள் இருக்கப் போறாரோ. நீ நாலு வார்த்தை நல்லதா சொன்னா உன் வீட்டு ஓடா பறந்துரும்?" என்றாள்.

"நான் நாசமாப் போனப்ப எனக்கு வயசு பதினேழு. அது மட்டும் பாவம் இல்லையா?"

"நீ எங்கடி நாசமாப் போன? கிரேன் ஓட்டுற. ஊரே உன்னை அண்ணாந்து பார்க்குது."

அக்காவுக்கு எப்போதும் இப்படித்தான், நம் பக்கம் பேசுகிற மாதிரியே நம்மைக் காலி பண்ணிவிடுவாள். கிரேன் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது எனக்கு யாரும் போட்ட பிச்சை இல்லை. பருந்துக்குப் பதிலாக வந்த பரிசும் இல்லை.

இவர் ஜெராக்ஸ் கடையைச் சாத்திவிட்டு வந்து, முழுவதையும் கேட்டார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "பூவைக் கொடு. நன்றியை மட்டும் சொல்லாத" என்றார். கல்யாணமான நாளிலிருந்து மனிதர் எல்லாச் சண்டையையும் இப்படிப் பாதியாக வெட்டித்தான் தீர்க்கிறார்.

மார்ச் 28, சனி

பருந்தின் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். முதுகுக்குப் பின்னால் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. எதுவானாலும் முதலில் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன்.

மருமகள் கதவைத் திறந்தாள். ஜன்னலோரம் சாய்வு நாற்காலி, காலுக்குக் கீழே தலையணை. உடம்பு சுருங்கிவிட்டது, கண் மட்டும் அதே கண். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. மருமகளைக் காபி போட அனுப்பினார்.

"சார், யாரு எறக்கினது?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஸ்டிக்கைத் தொடவே இல்ல" என்றார். அவ்வளவு சாதாரணமாக. மாத்திரை சாப்பிட மறந்துவிட்டேன் என்பதுபோல.

"அப்புறம் ஏன் சார்?"

"வெளிய தெரிஞ்சா என் வேலை போயிருக்கும். ரெண்டு பிள்ளைங்க எனக்கு."

"போனது என்னுதாச்சே."

தலையை ஆட்டினார். அழுவார் என்று பயந்தேன். நல்லவேளை, அழவில்லை. "மேடையில வேண்டாம்மா. பேரப் பிள்ளைங்க எல்லாம் வர்றாங்க. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததுங்க" என்றார்.

காபி வந்தது. குடித்தேன். பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

அதான் ஒத்துக்கிட்டாரே, விடேன் என்கிறாள் அக்கா. கதவைச் சாத்திக்கொண்டு, முன்னமே தெரிந்தவளிடம் ஒத்துக்கொள்வது என்ன ஒத்துக்கொள்வது?

ஏப்ரல் 10, வெள்ளி

சத்தியமாகச் சொன்னால் மனசு ஆடுகிறது. அந்தத் தலையணைமேல் இருந்த கால்கள் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன. பேரப்பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். நான் வாயைத் திறந்தால் அவர்கள் முகம் என்னாகும்?

ஆனால் நான் திறக்காவிட்டால்? அந்த விருது வாசகத்தைப் பலகையில் பொறித்து மைதானத்துச் சுவரில் ஏற்றுவார்கள். இனி வருகிற பெண் பிள்ளைகள் அதன் கீழே பூட்ஸ் மாட்டுவார்கள். அந்தப் பலகையில் ஒருத்தி கண்ணை மூடி அலறிக்கொண்டே இருப்பாள், சுவர் இடியும்வரை. அவள் நான். இல்ல, அவ நான் இல்லவே இல்ல.

முடியாது. நன்றி சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

புடவை கட்டிக்கொள் என்றாள் அக்கா. வேலைக்குப் போகிற உடையிலேயே போனேன், பூட்ஸ் உட்பட. இது என் அளவு பூட்ஸ்.

பென்சில் மைக்கில் அந்தக் கதையை ஏற்ற இறக்கத்தோடு சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள். என் கையில் பூங்கொத்தைக் கொடுத்து முன்னால் தள்ளினான். பருந்து என்னைப் பார்க்கவில்லை. பேரப்பிள்ளைகள் போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தள்ளு, தள்ளு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இந்தக் கதையில ஒரு திருத்தம் இருக்கு. கேபிள் அறுந்தப்ப கன்ட்ரோல் என் கையில இருந்துச்சு. கடைசி வரைக்கும் என் கையிலதான் இருந்துச்சு. எறக்கினது நான். நான் கண்ணை மூடல. அலறல. சார் ஏன் கன்ட்ரோலை வாங்கலேன்னு நான் சொல்ல மாட்டேன். அதை அவர்தான் சொல்லணும்."

மைக்கை அவர் பக்கம் நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. கூடம் முழுக்க நாற்காலி நகரும் சத்தம். பென்சில் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கி, "அடுத்த நிகழ்ச்சியா…" என்று இழுத்தான்.

பூங்கொத்தை அவர் மடியில் வைத்தேன். அது அவர் வயதுக்கு. நன்றி சொல்லவில்லை. இறங்கி வந்தேன். பின்வரிசையில் இவர் ஒருவர் மட்டும் எழுந்து நின்றுகொண்டிருந்தார், கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல். தட்டவில்லை. ஆனால் உட்காரவும் இல்லை.

ஏப்ரல் 13, திங்கள்

பென்சில் என்னைப் பழைய கேடட்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கிவிட்டான். அக்கா போனை எடுக்கவில்லை. விழாப் படங்களில் நான் இருக்கும் ஒன்றுகூட இல்லை. பூங்கொத்து மட்டும் ஒரு மடியில் தெரிகிறது.

வயிறு நிறையச் சாப்பிட்டேன். கேபினில் இன்று வெளிச்சம் நன்றாக இருந்தது.

ஏப்ரல் 18, சனி

அக்காவிடமிருந்து ஒரு செய்தி. "நல்லா இருக்கியா?" அவ்வளவுதான். நன்றாகத்தான் இருக்கிறேன். அதையே பதிலாக அனுப்பினேன்.

ஏப்ரல் 30, வியாழன்

கிரேனில் கன்டெய்னரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தபடி இருந்தது. இறக்கி வைத்துவிட்டு எடுத்தேன். தெரியாத பெண் குரல். மைதானத்தில் இப்போது கிளைடர் சொல்லிக்கொடுக்கிறவளாம். சின்னப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

"மேடம், ஞாயித்துக்கிழமை வர முடியுமா? உங்களை ஒரு தடவை மேல ஏத்தச் சொல்லியிருக்காங்க."

"யாரு?"

"பெரிய சார். நேத்து போன் பண்ணினார். முன் சீட்டுல உட்கார வைன்னார். நான் யோசிச்சேன், அவ்ளோ வருஷம் ஆச்சே, பயப்படுவாங்களோன்னு. அவர் சிரிச்சார் மேடம். 'கேபிள் அறுந்தா நீ பயப்படாத. அவ பார்த்துப்பா'ன்னார்."

கிரேனை நகர்த்தவே மறந்துவிட்டேன். கீழே சிக்னல் கொடுக்கிற தம்பி என்ன ஆச்சோ என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

இதை மேடையில் சொல்லியிருக்கலாம். மைக்கை நீட்டினேனே. இப்போதும் எனக்குக் கோபம்தான். மன்னித்துவிட்டேன் என்று யாரும் கதை கட்ட வேண்டாம்.

ஆனால் ஞாயிறு போகிறேன்.

மே 3, ஞாயிறு

கேபிளைக் கழற்றிவிட்டு மேலே மிதந்தபோது பின் சீட்டிலிருந்து அந்தப் பெண், "உங்க கையில" என்றாள். "என் கையில" என்றேன்.

கேபிள் அறுந்துபோகவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.