பழைய சென்சாரும் தணியாத கோபமும்

கால்கரி, திங்கட்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது? நான் நலம்தான். கோபம்தான் இன்னும் அடங்கவில்லை.

எங்கள் கடைக்கு வந்த லீலண்ட் என்பவரின் பந்தயக் காருக்குப் பெரிய பெட்ரோல் பம்ப் மாட்டியிருந்தோம். அது தரும் அழுத்தத்தைப் பழைய சென்சாரால் அளக்க முடியாது, அதையும் மாற்றிவிடலாம் என்று முதலாளி க்ளென்னிடம் கெஞ்சினேன். "எனக்கே பாடம் எடுக்கிறியா? இதுவே போதும், போ!" என்றார்.

வெள்ளிக்கிழமை காரைச் சோதனை உருளையில், சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலும்படி ஏற்றி முழு வேகத்தில் ஓட்டினோம். அழுத்தம் சென்சாரின் எல்லையைத் தாண்டியதும் என்ஜின் திணறி நின்றுவிட்டது. லீலண்டுக்கு எதிரிலேயே க்ளென், "இந்தப் பொண்ணு எதையோ சரியா மாட்டல," என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "புது சென்சார் வேண்டாம்னு சொன்னது யாரு? அதை அவர்கிட்ட சொல்லுங்க!" என்று கத்திவிட்டேன்.

லீலண்ட் க்ளென்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "புதுசை இவளே மாட்டட்டும்," என்றார். மாட்டினேன். வண்டி சீறிக்கொண்டு ஓடியது. சட்டையில் கொஞ்சம் பெட்ரோல் தெறித்தது, அவ்வளவுதான், அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

"எங்க கடை வேலைன்னா இப்படித்தான்!" என்று க்ளென் கூச்சமில்லாமல் லீலண்டுடன் கை குலுக்கினார். பிறகு என்னிடம், "திங்கட்கிழமை மன்னிப்பு கேட்டுட்டு உள்ள வா," என்றார்.

இன்று நான் போகவில்லை. என் கருவிப்பெட்டியை வெள்ளிக்கிழமையே தூக்கி வந்துவிட்டேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். நீங்கள் சாப்பிடும் நேரத்தில் ஃபோன் செய்யுங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தட்டுச் சத்தம் கேட்டால் போதும்.

வேறொரு கடையில் வேலை விஷயமாக நேரில் வரக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே போகிற பஸ் வந்துவிட்டது, இத்துடன் முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
ரோவீனா