உப்புக் குவியலுக்குள் நிழல்

இந்தக் குடைவு எவ்வளவு காலம் நிற்கும்? பல்கலைக்கழகத்திலிருந்து பார்வையிடப் போன என்னிடம் உப்பளத்து மனேச்சர் கேட்டார். எனக்குத் தெரியாது. உம்மிடம் கேட்கலாமென்றால் நீர் இல்லை.

என் சேலைக் கரையில் காய்ந்த உப்பு இன்னும் இருக்கிறது. தென்மராட்சிக் கரையில் வீட்டுயரத்துக்குக் குவித்த உப்பு. மாரி மழை பட்டு மேற்பரப்பு ஓடுபோல இறுகிவிட்டது. மேலே வெட்ட முடியாமல் பெண்கள் அடியிலிருந்து அள்ளி மூட்டை கட்டுகிறார்கள். அள்ள அள்ள உள்ளே ஓர் அறை உண்டாகிவிட்டது. மரமில்லாத அந்த வெளியில் அதுதான் நிழல். மதியச் சோறும் அதற்குள்தான். குனிந்து உள்ளே போனேன். அந்தக் குளிர்ச்சியில் உமது நினைவு வந்தது.

முன்பு நம் ஆய்வுகூடத்தில் நாம் இருவரும் கண்ணாடிப் பெட்டியில் நெல்லைக் கொட்டி, நடுவில் புதைத்த பலூனின் காற்றை மெல்ல இறக்கினோம். மேலிருந்த பாரம் குழியைச் சுற்றிப் பக்கங்களுக்கு விலகுவதைச் சமன்பாடாக்கினோம். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாதவை என்று முதல் வரியில் எழுதினீர். ஈரம் பட்டால் ஒட்டுமே என்றேன்.

“உமக்கு எல்லாத்திலும் சந்தேகம். முதல்லை ஒட்டாததை முடிப்பம். மிச்சம் பிறகு.”

அந்தப் பிறகு வரவில்லை. உமது நோய் வந்தது. நம் கணக்கின்படி இந்தக் குடைவு நிற்கவே முடியாது. ஆனால் நிற்கிறது. ஈரம் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறதென்று அளக்கலாம்; காலையில் அளந்தது மதிய வெயிலுக்குப் பொருந்தாது.

“பயமில்லை எண்டு ஒரு வரி தாங்கோ மிஸ். இல்லாட்டி இடிக்கோணும்,” என்றார் மனேச்சர்.

“இடிச்சுப்போட்டு எங்களை எங்கை இருக்கச் சொல்லுறியள்?” மூட்டை கட்டும் மலர் கேட்டார். “மிஸ்ஸின்ரை குடைக்குக் கீழை இத்தினை பேரும் கொள்ளுமோ?” மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஆமென்றால் அவர்கள் புதைந்து போகலாம். இல்லையென்றால் அவர்களுடைய ஒரே நிழலை நான் பறிக்கிறேன். நழுவ வழியில்லை. ஒரு கூட்டத்தில் நான் விடை தெரியாமல் நின்றபோது நீர் சொன்னது ஒன்றுதான் கைவசம் இருக்கிறது: “தெரியாதெண்டு சொல்லுறது வெட்கமில்லை. சொல்லிப்போட்டுச் சும்மா போறதுதான் வெட்கம்.”

ஆகவே எழுதிக் கையெழுத்திட்டேன்: தெரியாது. தெரியாதபடியால் ஒருவரும் உள்ளே போகக்கூடாது. இடித்துவிட்டு நிழலுக்கு ஒரு கொட்டில் போடவும்.

உமக்கு எழுதும் இந்தக் கடிதத்தை நேற்று இவ்வளவில் நிறுத்தினேன். இன்று நடந்தது இது. காலையில் மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வந்து மேலிருந்து இடித்தது. ஒன்றும் அசையவில்லை. மறுபடி இடித்தது. அப்போதும் இல்லை.

“கோயில் மாதிரி நிண்டதையெல்லோ இடிக்கிறியள்,” என்றார் மலர்.

அடுத்த இடிக்கு, ஒரு வெடிப்பும் காட்டாமல், முழுவதும் ஒரேயடியாக இறங்கியது. கொட்டிலுக்குத் தகரம் அடுத்த கிழமை வருமென்றார் மனேச்சர். மதியம் பெண்கள் பெக்கோவின் நிழலில் இருந்து சாப்பிட்டார்கள். எனக்கும் கொஞ்சம் இடம் விட்டார்கள்.