மருந்தில்லாத நான்கு வாரம்

கொரட்டூர் ஸ்டேஷன் வாசலில் சிக்கன் பக்கோடா பொரிக்கிற வாசனை இன்று மறுபடி மூக்கில் ஏறியது. வாக்கரை ஊன்றிக்கொண்டு அந்த வண்டியைத் தாண்டுவதற்குள் எனக்கு உன்மேல் கோபம் வந்துவிட்டது. செத்தவன்மேல் கோபப்படக் கூடாதாம். யார் சொன்னது?

அந்த வண்டியில்தான் நீ எனக்கு விருந்து வைத்தாய். நம் இருவருக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தின்கிற வியாதி. நரம்பு டாக்டர் வாசல் பெஞ்சில்தான் பழக்கம். நான் ஐடி கம்பெனிக்காரன், நீ அண்ணனூர் ஷெட்டில் மின்சார ரயில் ரிப்பேர் பார்க்கிறவன். ஒரே மாத்திரை, ஒரே மாதிரிக் கால் இழுப்பு. மாத்திரை இனிமேல் இருவருக்கும் கேட்காது, டிரிப்பில் ஏற்றுகிற மருந்துக்கு மாறலாம் என்றார் டாக்டர். ஆனால் ரத்தத்தில் ஒரு வைரஸின் தடம் இருந்தால், அந்த மருந்தால் மூளையில் தொற்று வரலாம். அபூர்வம்தான், வந்தால் பிழைப்பது கஷ்டம். பரிசோதனையில் எனக்கு அந்தத் தடம் இருந்தது. உனக்கு இல்லை.

"எனக்கு கிளீனா கீது மாமே! இனிமே நடப்பேன், ஓடுவேன். நீ அந்த மாத்திரையவே முழுங்கிகினு கெட" என்று வாய் நிறையப் பக்கோடாவோடு சிரித்தாய். எனக்கு வயிறு எரிந்தது.

புது மருந்துக்கு முன்னால் பழைய மாத்திரையை நிறுத்தி நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் நோய் பழையபடி பாயலாம் என்றும் டாக்டர் சொன்னார். நீ கேட்டாய், யோசித்தாய், வீட்டில் பேசினாய், அதற்குப் பிறகுதான் சரி என்றாய். மூன்றாவது வாரம் பாய்ந்தது. முதலில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது, அப்புறம் விழுங்க முடியவில்லை. ஸ்டீராய்டுக்கும் அடங்கவில்லை. எச்சில் நுரையீரலுக்குள் இறங்கி, நிமோனியாவாகி, உன்னைக் கொண்டுபோனது. அந்தப் புது மருந்து உன் உடம்பில் ஒரு சொட்டுகூட ஏறவில்லை.

இப்போது என் முறை. என் ரத்தத்துக்கு ஒத்துவருகிற வேறொரு மருந்து இருக்கிறதாம். மாறாவிட்டால் சீக்கிரமே வீல்சேர். மாறுவதென்றால் எனக்கும் அதே இடைவெளி. அதைக் குறைத்தால் இரண்டு மருந்தும் உடம்பில் சேர்ந்து தொற்றுக்கு இடம் கொடுக்கும், நீட்டினால் உன் கதி. செய்தி தெரிந்து உன் மனைவி போன் செய்தாள். "வேணாம்ண்ணா. எங்க வூட்டுக்காரு மருந்த மாத்தாம இருந்திருந்தா, உக்காந்துகினாவது இருந்திருப்பாருல்ல?" என்றாள்.

இரண்டு வாரம் போதும் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அது சரியா என்று அவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

உன்னை முட்டாள் என்று திட்டிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நீ அவசரப்பட்டிருந்தால், டாக்டர் பேச்சை மீறியிருந்தால், எதையாவது ஒன்றைத் தப்பாகச் செய்திருந்தால், அதை மட்டும் தவிர்த்துவிட்டு நான் தைரியமாகப் போவேன். நீ எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தாய். சரியாகச் செய்தே செத்தாய். நீ எனக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான், பாவி.

திங்கட்கிழமையிலிருந்து நானும் மாத்திரையை நிறுத்துகிறேன்.