புத்தகத்தில் இல்லாத வாக்கியம்

பிப்ரவரி 4, 2023, சனி
நூலகத்தில் முதல் வகுப்பு. "பயணத்துக்கு ஜெர்மன்." எங்கள் ஊர் ஷிபோய்கனில் பாதிப் பேருக்கு ஜெர்மன் குடும்பப் பெயர், ஆனால் ஒருவருக்கும் ஒரு வாக்கியம் வராது. பதினொரு பேர் உட்கார்ந்திருந்தோம்.

ரயில் நிலையம் எங்கே, பில் கொடுங்கள், இந்த அறை அமைதியானதா. ஆசிரியை கார்லா போன்சாக் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னோம். என் முறை வந்ததும் அவள் புருவத்தைத் தூக்கினாள்.

"ரோண்டா, நீங்க இதை எங்க கத்துக்கிட்டீங்க? 'நான்'ங்கிறதுக்கு 'இஹ்'னு சொல்லணும். நீங்க 'இஷ்'ங்கிறீங்க. அது ஜெர்மனியில ஏதோ பட்டிக்காட்டுப் பேச்சு."

எனக்குக் காது வரை சூடேறியது. வெட்கமா? இல்லை. ஐம்பத்திரண்டு வருடமாக வாய்க்குள் உட்கார்ந்திருந்திருக்கிறது, அந்த ஒரு எழுத்து!

பிப்ரவரி 5, ஞாயிறு
வெர்ன் காலையிலிருந்து கேலி. "அறுபத்திரண்டு வயசுல பள்ளிக்கூடப் பிள்ளை. டிபன் பாக்ஸ் கட்டித் தரட்டுமா?" நாற்பது வருடமாகச் சேர்ந்து வாழும் கணவன். ஏன் போகிறேன் என்று அவனிடமே பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

அப்பாவுக்கு அமெரிக்க ராணுவத்தில் வேலை. எனக்கு ஏழிலிருந்து பத்து வயது வரை ஜெர்மனியில் இருந்தோம். கைசர்ஸ்லாட்டர்ன் பக்கம், எமரிஷ் வீட்டு மாடியில் குடி. கீழே வீட்டுக்காரர். அவர் மகள் கெர்லிண்டெ, என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவளோடு ஆப்பிள் மரத்தில் ஏறி, அவளோடு சண்டை போட்டு, அவள் பேசியதையே நானும் பேசினேன். அம்மா கடைக்குப் போனால் நான்தான் மொழிபெயர்ப்பு. கனவுகூட அந்த மொழியில்தான். பிறகு ஊர் திரும்பினோம். இரண்டு வருடத்தில் எல்லாம் போயிற்று. மொழி எங்கே போகும்? மறதிக்கும் ஒரு நிலவறை இருக்குமோ.

கிறிஸ்துமஸுக்குக் கெர்லிண்டெ கடிதம் எழுதியிருந்தாள். ஆங்கிலம் தெரியாது அவளுக்கு. யாரையோ வைத்து எழுதியது. வீட்டை விற்கிறாளாம். "ஜூனுக்குள் வந்தால் ஒருமுறை பார்க்கலாம்."

பிப்ரவரி 18, சனி
கார்லா இன்று உருளைக்கிழங்குக்குப் புத்தகச் சொல் கேட்டாள். என் வாயிலிருந்து வந்தது "க்ரும்பேர." அவளுக்கே தெரியாத சொல். எமரிஷ் வீட்டு நிலவறையில் கோணி மேல் கிழங்கு குவிந்த அந்த ஈர வாசனை உடனே வந்துவிட்டது. வகுப்பு முடிந்தும் காரில் உட்கார்ந்தே இருந்தேன்.

மார்ச் 11, சனி
"புத்தகத்துல இல்லாதது யாருக்காவது வேணுமா?" என்று கார்லா கேட்டாள். எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தேன்.

"'நான்தான் செஞ்சேன்'னு எப்படிச் சொல்றது?"

சிரித்தாள். "இது பயணத்துக்கு வேணுமா?"

"இதுக்குத்தான் பயணமே."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதிக் கொடுத்தாள். மூன்றே சொல். "தாஸ் வார் இஹ்."

மூன்று சொல்தானா?

ஏப்ரல் 15, சனி
எழுதிவிடுகிறேன். வெர்னிடம் நேற்று, மீன் வறுவல் சாப்பிடப் போன இடத்தில் சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் இனி மறைக்க யாருமில்லை.

எமரிஷ் முயல் வளர்த்தார். போட்டியில் பரிசு வாங்கியவை. அந்த வெள்ளை முயலைத் தடவிப் பார்க்க ஒரு மாலை நான் கூண்டைத் திறந்தேன். கொக்கியைச் சரியாக மாட்டவில்லை. காலையில் ஒன்பது முயலும் செத்துக் கிடந்தன. இரவில் நாய்கள் புகுந்திருந்தன. கூண்டைப் பூட்டுவது கெர்லிண்டெ வேலை. "நான் பூட்டினேன் அப்பா, பூட்டினேன்" என்று அவள் கத்தக் கத்த அவர் அறைந்தார். காதோடு சேர்த்து. நான் மாடிப்படியில் நின்றேன். அந்த மூன்று சொல்லும் அன்று எனக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். சொல்லவில்லை. மூன்று வாரத்தில் விமானம் ஏறிவிட்டோம்.

வெர்ன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "பத்து வயசுப் பொண்ணு நீ."

"அவளுக்கும்தான் வெர்ன், பதினொண்ணுதான்."

மே 9, செவ்வாய்
வந்து சேர்ந்தேன். ரயிலடியில் என்னை இறுக்கிக்கொண்டாள். நரைத்த குட்டை முடி. சிரிப்பு மட்டும் அதே. "நீ குண்டாயிட்ட!" என்றாள். எனக்குப் புரிந்தது, எடுத்த எடுப்பில்! நான் எந்தப் பக்கம் நடந்தாலும் அவள் என் இடது பக்கம் மாறி மாறி வந்தாள். வீடு முழுக்க அட்டைப்பெட்டி. மாடிப்படியின் மூன்றாவது படி இன்றும் முனகுகிறது. பிளம் கேக். அழுகையாக வருகிறது.

மே 10, புதன்
சொல்லிவிட்டேன். சமையலறையில். முயல், கூண்டு — "தாஸ் வார் இஷ்."

அவள் கேட்டாள், புரியாத மாதிரி. திரும்பச் சொன்னேன். அவள் கை தன் இடது காதுக்குப் போயிற்று. அப்போதுதான்... கடவுளே. அந்தக் காது கேட்பதில்லை அவளுக்கு. அதனால்தான் நேற்று அப்படி மாறி மாறி நடந்திருக்கிறாள்.

ரொம்ப நேரம் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "நீங்க போய்ப் படுங்க. களைச்சிருப்பீங்க."

நீங்க. நேற்று வரை நீ. வகுப்பில் இந்த மரியாதைச் சொல்லை மூன்று மாதம் பழகினேன். இப்படிக் குத்தும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. என்ன எதிர்பார்த்து வந்தேன் நான்? மன்னிச்சுட்டேன்னு கட்டிப்பிடிப்பாள்னா?

மே 11, வியாழன்
காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "வாங்க."

கல்லறைத் தோட்டம். ஹைன்ரிஷ் எமரிஷ், 1988.

"சாகுற வரைக்கும் அவர் என்னை நம்பல. எதைப் பூட்டினாலும் பின்னாடியே வந்து இழுத்துப் பார்ப்பார்." நிதானமாக, எனக்குப் புரியும்படி பேசினாள். "அவர்கிட்டயும் சொல்லுங்க."

தூறல். சொன்னேன். கொக்கிக்கு ஜெர்மனில் என்ன என்று தெரியாமல் விரலை மடக்கிக் காட்டினேன், செத்தவருக்கு. வினைச்சொல் எல்லாம் இடம் மாறியிருக்கும். அவள் பூட்டினாள், நான் திறந்தேன், அவள் பொய் சொல்லவில்லை. திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன். கடைசியில் உடைந்துவிட்டேன்.

அவளும் அழுதாள். மூக்கைச் சிந்திக்கொண்டு கல்லைப் பார்த்து, "கேட்டீங்களா அப்பா?" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "குடைக்குள்ள வா. நீ நனையுற."

ஜூன் 18, ஞாயிறு
கெர்லிண்டெ போன். புது வீட்டுக்குப் போய்விட்டாள். போன ஞாயிறு நான் கூப்பிடவில்லை என்று ஒரே வசவு. சொன்ன சொல்லைக் காப்பாத்தத் தெரியாதா, இங்க ஒருத்தி உக்காந்து பாத்துட்டே இருக்கேன் என்று. நானும் விடவில்லை. நீ மட்டும் வியாழக்கிழமை எங்கடி போன, மணி அடிச்சு அடிச்சு நின்னுச்சே என்று கேட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. ஒரு வாக்கியத்தைக்கூட முதலில் ஆங்கிலத்தில் யோசிக்கவில்லை.

வெர்ன் எட்டிப் பார்த்தான். "என்ன, சண்டையா?"

"ஆமா," என்றேன். "நல்ல சண்டை."