புகை தேடுற ஆட்டம்

அன்புள்ள அம்மாவுக்குப் பாண்டிச்செல்வி எழுதுறது. இருக்கன்குடி ஆத்தா புண்ணியத்துல நல்லாருக்கேன். பட்டாசு கம்பெனியில தரையில உக்காந்தே வந்த உன் மூட்டுவலி இப்ப தேவலையா? போன்ல சொன்னா என் குரலை வச்சே கண்டுபிடிச்சிருவ. அதான் எழுதுறேன்.

பெங்களூருல எங்க நடனக்குழு புது ஆட்டம் பழகுது. பாட்டு கிடையாது, வெறும் இசைதான். அது போற போக்குல நம்ம உடம்பும் போகணும். புதன்கிழமை பழகுறப்ப, அந்த இசையிலயே நடுவுல திடீர்னு ஒரு டமார்! நான் ஆட்டத்தை விட்டுட்டு வெறுங்காலோட தெருவுக்கு ஓடிட்டேன். நம்ம நாரணாபுரத்துல வெடிச்சத்தம் கேட்டா எந்தக் கம்பெனிப் பக்கம் புகை வருதுன்னு ஓடிவந்து பாப்போம்ல, அதே மாதிரி அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கேன். எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சு வச்சேன்.

ஆட்டம் சொல்லித்தர்ற மேடம் மட்டும் சிரிக்கல. "இது அப்படியே வேணும்"னு ஆட்டத்துல சேத்துட்டாக. இப்ப தினமும் டமார்னதும் ஓடுறேன், அண்ணாந்து நிக்கேன். இசை முடியுற வரைக்கும் தலையை இறக்கக் கூடாதாம்.

வேற ஒண்ணுமில்லம்மா. இந்தப் பக்கம் யாராச்சும் வந்தா காராச்சேவு குடுத்துவிடு. கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டாகன்னு தெரியும். சாயங்காலம் கேட்டுல போனைத் திருப்பி வாங்குனதும் ஒரு மிஸ்டு கால் மட்டும் குடு. பேசக்கூட வேண்டாம்.

ஆட்டம் முடிஞ்சாலும், உன் மிஸ்டு கால் வந்தப்புறந்தான் எனக்குத் தலை கீழ இறங்கும்.

உன் மக,
பாண்டிச்செல்வி