இடது பக்கம் இறங்கிய எண்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம், நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அப்பா தன் மூக்குக்கண்ணாடி மேலேயே உட்கார்ந்து ஒடித்துவிட்டு, அதை யார் நாற்காலியில் வைத்தது என்று மூன்று நாளாக விசாரணை நடத்துகிறார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதனால்தான் கடிதம்.

எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்ட்காரரை உனக்கு நினைவிருக்கும், சின்ன வயதில் உன்னை ஸ்டூலில் உட்காரவைத்து மாடி எண்ணைக் கத்தச் சொல்வாரே, அவர்தான். போன மாதம் ஒரு காலையில் லிஃப்டுக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முதுகு கிழியுதுன்னு சொல்லிச் சரிந்துவிட்டார். ஸ்கேனில் பார்த்தால் இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தது. உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக ஓடும் மெஷினில் வழக்கம்போல நான். நீயும் இதே வேலைக்கு வந்தவள், உனக்குப் பாடம் நடத்தவில்லை, நடந்ததை எனக்கே ஒருதரம் வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். கிழிசலைத் தைக்கும் நேரத்துக்கு உடம்பில் ரத்த ஓட்டத்தை நிறுத்தியாக வேண்டும், மூளை மட்டும் பட்டினி கிடக்கக் கூடாது. அதனால் உடம்பைக் குளிரவைத்து, தலையைச் சுற்றி ஐஸ் அடுக்கி, வலது தோள் பக்கத்துக் குழாய் வழியாக மூளைக்கு மட்டும் ரத்தம் அனுப்பிக்கொண்டிருந்தேன். மூளைக்கு ஆக்சிஜன் போகிறதா என்று நெற்றியில் ஒட்டிய இரண்டு பட்டைகள் திரையில் எண்ணாகக் காட்டும். வலது எண் அறுபத்தைந்தில் நின்றது. இடது ஐம்பது, நாற்பத்தைந்து, நாற்பது என்று இறங்கியது. அந்தத் திரை என் பக்கம்தான் இருந்தது. சற்று முன்புதான் நான் எதையோ கேட்கப்போய், உங்க மெஷினைப் பாருங்க, என் கையைப் பாக்காதீங்கன்னு சர்ஜன் எல்லார் முன்னாலும் எரிந்து விழுந்திருந்தார். பட்டை நழுவியிருக்கும், தானே ஏறும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஐந்து நிமிஷம். அப்புறம்தான் சொன்னேன். அவர் மறுபேச்சு பேசாமல் இடது கழுத்துக் குழாயிலும் ஒரு டியூப் வைத்தார், எண் ஏறிவிட்டது.

ஆள் பிழைத்துவிட்டார். ஆனால் வலது கை தொங்கிப்போச்சு, பேச்சும் போச்சு. என்ன கேட்டாலும் மேலே, மேலே என்ற ஒரே வார்த்தைதான். கிழிசலே முன்னாடி மூளைக்குப் போற குழாயை அடைச்சிருக்கலாம், உங்க அஞ்சு நிமிஷத்தாலதான்னு யாரும் சொல்ல முடியாதுன்னு சர்ஜனே சொன்னார். இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியாதே. நடந்ததை மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அப்படியும் மனசு ஆறாமல் போன வாரம் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்த அம்மா அழவில்லை, திட்டவில்லை. புருஷன் வாயோரத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே, நீங்க எங்கிட்ட எறக்கி வெச்சுட்டீங்க, நான் யார்கிட்டம்மா எறக்கி வைக்கிறதுன்னு கேட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

போன தடவை பேசும்போது, அங்கே பெரிய டாக்டர் சிடுசிடுக்கிறார், தியேட்டரில் வாயைத் திறக்கவே பயமா இருக்குன்னு நீ சொன்னாய். கொஞ்சம் அனுசரிச்சுப் போடின்னு நான்தான் சொன்னேன். தப்பான புத்தி அது, திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எண் இறங்கினால் அந்த நொடியே சொல். காதில் விழாவிட்டால் கத்திச் சொல். திட்டு விழுந்தால் விழட்டும், வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுதால் தீர்ந்துபோகும். மற்றது அப்படித் தீராது.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு. நல்லா இருடி என் தங்கமே.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
அம்மா