அச்சகத்துக்கு எதிரே ஒரு இட்லிக்கடை

ஜூன் 9, 2025 – திங்கள்
அடுத்த வருஷக் காலண்டர் வேலை தொடங்கிவிட்டது. நாள் முழுக்கப் பிழை திருத்தல். அச்சகத்துக்கு எதிரே காலியாகக் கிடந்த இடத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இட்லிக்கடை போட்டிருக்கிறார்கள். என் ஜன்னலிலிருந்து நேராகத் தெரிகிறது. காலையிலிருந்து மூன்றே பேர்தான் வந்தார்கள். அந்த ஆள் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அழுக்கே படாத மேசை.

ஜூன் 12 – வியாழன்
வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். இருந்தும் பத்தரைக்கு அங்கே போய் மூன்று இட்லி சாப்பிட்டேன். இட்லி மெத்தென்று இருந்தது. சாம்பார்தான் ஒரே புளிப்பு. "எப்படி இருக்குக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண். நன்றாக இருக்கிறது என்றேன். பொய்.

ஜூன் 15 – ஞாயிறு
சர்ச்சில் அந்தக் கடைக்காகவும் ஜெபித்தேன். அவர்கள் பெயர்கூடத் தெரியாது.

ஜூன் 17 – செவ்வாய்
தெரிந்துவிட்டது. அவள் இசைவாணி, அவர் மாரீஸ்வரன். பட்டாசு ஆலையில் பன்னிரண்டு வருஷம் வெடிமருந்து கலந்தவர். போன வருஷம் பக்கத்து அறை வெடித்ததில் கூட்டாளி ஒருவர் போய்விட்டார். அன்றோடு இவரை வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்று இசைவாணி பிடிவாதமாக நின்றுவிட்டாளாம்.
"சீசனுக்கு வா வான்னு கூப்பிடுறாகக்கா. கடை ஓடலைன்னா மறுபடி மருந்துக்குத்தான் போகணும்ங்காரு."
இன்னும் இரண்டு இட்லி வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 18 – புதன்
சொல்லிவிட்டேன். மாரீஸ்வரன் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம், மெதுவாகத்தான் சொன்னேன். "கோவிச்சுக்காதம்மா. சாம்பார்ல புளி ரொம்பத் தூக்கலா இருக்கு."
இசைவாணியின் முகம் சுருங்கிவிட்டது. "பிடிக்கலைன்னா வேற கடைக்குப் போங்க பியூலாக்கா."
எனக்கு எதுக்கு இந்த வேலை? யாரோ எவரோ. பேசாம தின்னுட்டு வந்திருக்கலாம்ல? ஆனா அந்த மனுசன் மறுபடி மருந்துக்குப் போயிட்டா –

ஜூன் 20 – வெள்ளி
போகவில்லை. ஜன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை. திருத்தத்தில் இரண்டு அமாவாசைப் பிழை என் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

ஜூன் 23 – திங்கள்
பைண்டிங் பாண்டிராஜ் அந்தக் கடையிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.
"அங்கனயா சாப்பிட்டீக?"
"பத்து நாளா அங்கனதான்க்கா. கடை ஈயோட்டுது, பாக்கப் பாவமா இருந்துச்சு. சாம்பார வாயில வைக்க முடியாது. எப்படியோ முழுங்கிட்டு வருவேன். இன்னைக்குத்தான் நல்லா இருந்துச்சு."
லோடு ஏற்றும் சோலைமலையும் அப்படித்தானாம். வீட்டில் கட்டிக் கொடுத்த சோற்றை வைத்துவிட்டு, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் – மூன்று பேர்! எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
பத்தரைக்குப் போனேன். இசைவாணி சாம்பாரை ஊற்றிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
"இன்னுங் கொஞ்சம் ஊத்தும்மா" என்றேன்.
திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. கேட்கவில்லை.

ஜூலை 11 – வெள்ளி
பத்தரைக்கே இட்லி தீர்ந்துவிட்டது. எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 28 – வியாழன்
தோசை பார்சலுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஆலை வேன் ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் நேரே மாரீஸ்வரனிடம் போனார்.
"ஏலே மாரி, திங்கக்கெழமை வந்துரு. ஆர்டர் குவிஞ்சு கெடக்கு."
இசைவாணி மாவுக் கரண்டியோடு அப்படியே நின்றாள். மாரீஸ்வரன் தோசையைத் திருப்பிப் போட்டார்.
"திங்கக்கெழமை ஒரு காதுகுத்துக்கு டிபன் ஒத்துக்கிட்டேன், அண்ணாச்சி. உக்காருங்க, சாப்பிட்டுட்டுப் போங்க."
வேனில் வந்தவர் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.